திரை ஓடினால் ஆடுகிறார்கள், அணைத்தால் நிற்கிறார்கள்: ஒயிலாட்டம், கோலாட்டம் பற்றி ஒரு கேள்வி

மைதானத்து டீச்சர் (கேள்வி)

வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியை. கோ-கோ, த்ரோபால், தடகளம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வருடம் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பி.டி. பீரியடிலேயே நாட்டுப்புற ஆட்டம் சொல்லித்தர வேண்டும் என்று முடிவாகி, ஒயிலாட்டமும் கோலாட்டமும் என் தலையில் விழுந்திருக்கின்றன. எனக்கு ஆட்டம் தெரியாது. காலேஜ் விழாவில் கும்மி அடித்ததோடு சரி.

ஆட்டம் தெரியாதவருக்கு வேறு என்ன வழி? யூடியூபில் ஒரு நல்ல ஒயிலாட்டக் காணொளியைப் பிடித்து, ஹாலில் புரொஜெக்டர் வைத்து, ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் ஆடுகிறார்கள். பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் திரையை அணைத்துவிட்டு பாட்டை மட்டும் போட்டால் முதல் நாலு அடி போகிறார்கள், அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பல வாரம் ஆகியும் இதே கதைதான்.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். திரையில் வலது கை போனால் பாதிப் பேர் இடது கையைத் தூக்குகிறார்கள். வட்டமாக நிற்கச் சொன்னால் பாதி வட்டத்துக்குத் திரை முதுகுப் பக்கம் போய்விடுகிறது. கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஆடுகிறார்கள். கோலாட்டத்தில் கம்பு கம்போடு சேர்வதே இல்லை. திரையில் கால் தரையைத் தட்டுவதும் ஸ்பீக்கரில் கொட்டுச் சத்தம் வருவதும் ஒன்றாக இல்லாத மாதிரியும் எனக்குத் தோன்றுகிறது, பிரமையோ என்னவோ.

இதற்கிடையே, உடல் அசைவைக் கேமராவில் பார்த்து மதிப்பெண் போடும் ஏஐ செயலி ஒன்றை வைத்தே மார்க் போட்டுவிடலாமே என்று தலைமையாசிரியர் கேட்கிறார். போடலாமா? யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

வார்ம்அப் வாத்தியார்

டீச்சர், முதல் உதவி மட்டும் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் வேகத்தை 0.75க்கு இறக்குங்கள். காணொளி உங்கள் கணினியிலேயே இருந்தால் வி.எல்.சி. பிளேயரில் போடுங்கள், அதில் படத்தைக் கண்ணாடி மாதிரி இடம் வலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது. வலது இடது குழப்பம் பாதி தீர்ந்துவிடும். என்ன, பின்னால் கட்டியிருக்கும் பேனர் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், பிள்ளைகள் அதைப் படித்துச் சிரிப்பார்கள்.

மீதியைத் தவில்காது சார் வந்து சொல்வார். இந்தத் தலைப்பைப் பார்த்தால் அவர் சும்மா இருக்கமாட்டார்.

---

தவில்காது

வாத்தியார் கூப்பிட்டுவிட்டார், வந்துவிட்டேன். நானும் பி.டி. சார்தான், டீச்சர். இளவட்டமாக இருந்தபோது ஆசானிடம் ஒயிலாட்டம் கற்றவன். பள்ளியில் இப்போதும் சொல்லித்தருகிறேன். போனும் பயன்படுத்துகிறேன், புரொஜெக்டரும் பயன்படுத்துகிறேன். அதனால் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் இன்னும் ஒயிலாட்டம் ஆடவில்லை. திரையில் இருப்பவரைத் துரத்துகிறார்கள். அவர் கால் போன பிறகு இவர்கள் கால் போகிறது. அடுத்த அடி என்ன என்று மனசு தேடவே வேண்டாம், கண் பார்த்தால் போதும். தேடாத அடி எப்படி மனசில் தங்கும்? அசைவுக் கற்றல் படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் திருத்தமும் வழிகாட்டலும் கொடுத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது பிரமாதமாக இருக்கும், அதை எடுத்துவிட்டதும் சரிந்துவிடும் என்று 1984இலேயே சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். உங்கள் ஹாலில் நடப்பது அதுதான்.

ஆகவே என் முதல் விதி: திரை ஓடும்போது யாரும் ஆடக்கூடாது. ஆடும்போது திரை ஓடக்கூடாது.

உட்காரவைத்து ஓர் அடவை, அதாவது ஆட்டத்தின் ஒரு அசைவுத் துண்டை மட்டும் காட்டுங்கள். எட்டு எண்ணிக்கை, பத்துப் பன்னிரண்டு நொடிகூட வராது. வி.எல்.சி.யில் ஒரு துண்டைக் குறித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஓடவிடலாம். மூன்று தடவை பார்க்கட்டும். முதல் தடவை காலை மட்டும் பார், அடுத்தது கையை, மூன்றாவது, ஆட்டக்காரர் கையில் இருக்கும் துணி எந்தப் பக்கம் வீசப்படுகிறது என்று பார் எனச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு எழுந்து ஆடச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக வரும். வரட்டும். ‘மூணாவது எண்ணிக்கையில் கால் முன்னாலா பின்னாலா?’ என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். வரவேண்டும் என்றுதான் அணைத்தோம். சண்டை முற்றியதும் மறுபடி போட்டுக் காட்டுங்கள். இந்த முறை பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து பார்ப்பார்கள்.

அடுத்தது வேகம். வாத்தியார் 0.75 என்றார். பார்ப்பதற்கு 0.75 என்ன, 0.5கூட நல்லது. அதோடு சேர்ந்து ஆடவைக்காதீர்கள். ஒயிலாட்டத்தில் ஒரு சின்னத் துள்ளல் இருக்கிறது. படத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஆடுகிறவர் காற்றில் இரண்டு மடங்கு நேரம் மிதப்பார். பிள்ளை மிதக்குமா? புவியீர்ப்பைக் குறைக்கும் பொத்தான் எந்த பிளேயரிலும் கிடையாது. பிள்ளை என்ன செய்யும் என்றால், துள்ளலை விட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு நடையை வைத்துக்கொள்ளும். பிறகு முழு வேகத்துக்கு வந்தாலும் அந்த நடை போகாது. மெதுவாக ஆடவைக்க ஆசான்கள் வேறு வழி வைத்திருந்தார்கள்: முதலில் துள்ளல் இல்லாத நடையடி, வாயால் ‘தன்னானே’ சொல்லிக்கொண்டு, அது காலில் ஏறியபின் கொட்டு, கொட்டோடு துள்ளல். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கண்ணாடித் திருப்பம் ஒயிலாட்டத்துக்குச் சரி, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையில் நிற்கும் ஆட்டம். அதைவிட நல்லது பின்னாலிருந்து எடுத்த காணொளி. மேடை நிகழ்ச்சிக் காணொளி எல்லாம் முன்னாலிருந்துதான் இருக்கும். நாம் எடுக்கும்போது ஆடுகிறவர் முதுகுப் பக்கம் போனை வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

கோலாட்டத்தில் கண்ணாடித் திருப்பம் வைத்தீர்களோ, தொலைந்தது. உங்கள் கம்பு சேராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். எதிரெதிரே நிற்கும் ஜோடி வலதுக்கு வலது தட்டவேண்டும், குறுக்காக. திரையைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு எதிரே நிற்பவர் கண்ணாடிப் பிம்பம். அவர் வலது கை நீட்டினால் இது அதற்கு நேராக இருக்கும் இடதை நீட்டும். கம்பு சேரவே சேராது, விரல்தான் நசுங்கும். கோலாட்டத்துக்குத் திரையை ஒதுக்கிவைத்துவிட்டு, வலது கைக் கம்புகளில் மட்டும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். ‘சிவப்பும் சிவப்பும்’ என்று கத்தினால் போதும். டிஜிட்டல் கருவிகளைப் பற்றிக் கேட்டதற்கு டேப் சொல்கிறானே என்று கோபிக்காதீர்கள்.

வட்டத்துக்கு வருகிறேன். கும்மி, கோலாட்டம் இரண்டுக்கும் முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. எதிரில் இருப்பவர் காலைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் மூச்சைக் கேட்டு ஆடுவது. ஒரு திரையைக் கொண்டுவந்து வைத்த உடனே அந்த வட்டத்துக்கு முன் பின் வந்துவிடுகிறது, பிள்ளைகள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். நாலு பக்கமும் நாலு திரை வைத்தவர்களும் இருக்கிறார்கள். அப்போது எல்லாரும் வட்டத்துக்கு வெளியே பார்த்து ஆடுகிறார்கள், நடுவில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வரிசையில் நிற்கவைத்து அடவைச் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டு, வட்டம் போடும் அன்றைக்குப் புரொஜெக்டரை லேபிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்பீக்கர் விஷயம் உங்கள் பிரமை அல்ல. ப்ளூடூத்தில் சத்தம் 0.1 முதல் 0.3 நொடி வரை பிந்தி வருவது சாதாரணம். படம் கம்பி வழியாகப் புரொஜெக்டருக்கும் சத்தம் ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கருக்கும் போனால் இரண்டும் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதில் 0.2 நொடி பிந்தினால் கிட்டத்தட்ட அரைத் தட்டு போயிற்று. கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், கால் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு ஆடியோ வயர் வாங்கி நேராகச் செருகிவிடுங்கள். வயர் கிடைக்கும்வரை வி.எல்.சி.யில் ஜே, கே விசைகளால் சத்தத்தை முன் பின் நகர்த்தலாம். ஹாலைவிட்டு மைதானத்துக்குப் போனால் இன்னொன்று: சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் வரிசைக்கு கொட்டு 0.09 நொடி பிந்தித்தான் கேட்கும். கடைசி வரிசைப் பிள்ளைகளைச் ‘சோம்பேறி’ என்று திட்டுவதற்கு முன் ஸ்பீக்கரை நடுவில் கொண்டுபோய் வையுங்கள்.

மார்க் போடும் செயலி பற்றி எனக்குக் கருத்து உண்டு, ஆனால் கணினி தெரிந்தவர்கள் முதலில் சொல்லட்டும்.

---

விசில் போதும்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பி.டி. பீரியட் கிடைப்பதே வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதிலும் பாதியைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். மிச்சத்தில் புரொஜெக்டர் கட்ட பத்து நிமிடம், உட்கார்ந்து பார்க்க பத்து நிமிடம். பிள்ளை வியர்ப்பது எப்போது? ஆட்டத்தைக் கலைத்திருவிழாவுக்குத் தயார்செய்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு ஓட்டமும் பந்தும் போதாதா?

---

தவில்காது

விசில் சார், நியாயமான கோபம்தான். புரொஜெக்டர் கட்டும் பத்து நிமிடத்துக்கு என்னிடமும் பதில் இல்லை. அதனால்தான் அதை எப்போதாவது மட்டும் எடுக்கிறேன். ஆனால் ஒயிலாட்டம் வியர்க்காது என்று நினைத்தால் ஒருநாள் வந்து ஆடிப்பாருங்கள். மெதுவாகத் தொடங்கி கொட்டு ஏற ஏற கால் ஏறும் ஆட்டம் அது. கடைசிச் சுற்று முடியும்போது இடுப்பில் கை வைத்து நிற்பவர்களில் நம்ம தடகளப் பையன்களும் இருப்பார்கள். ஒரு பிள்ளையிடம் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, வகுப்பு உண்மையில் அசைந்துகொண்டிருந்த நேரத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். த்ரோபால் வகுப்புக்கும் அதே மாதிரி அளந்து பாருங்கள். வரிசையில் நின்று வாய்ப்புக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்தபிறகு எது மிஞ்சுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதோடு, பந்தைக் கண்டால் ஓரம்போகும் பிள்ளைகள் சிலர் ஆட்டத்தில் முன்வரிசைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகவாவது செய்யலாம் சார்.

கலைத்திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-23இல் அது தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆட்டத்துக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது போட்டி. நன்றாக ஆடும் சிலரைப் பொறுக்கி எடுத்து, மேடைக்கு ஏற்ற மாதிரி நாலு நிமிடத்துக்கு அமைப்பார்கள். வகுப்பில் இருக்கும் மீதிப் பேர் கைதட்டுவார்கள். பி.டி. பீரியடின் சங்கதியே அந்த மீதிப் பேர்தான்.

---

பிரேம் பை பிரேம்

மார்க் போடும் செயலி பற்றி. நான் ஆடுகிறவன் இல்லை, உடல் அசைவைக் கேமராவில் படிக்கும் நிரல்களோடு வேலை செய்கிறவன்.

இந்தச் செயலிகள் பெரும்பாலும் உடம்பில் சில புள்ளிகளைக் கண்டுபிடிக்கின்றன. கூகுளின் மீடியாபைப் என்றால் 33 புள்ளிகள்: தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், குதிகால் என்று. பிறகு அந்தப் புள்ளிகளை மாதிரிக் காணொளியில் இருப்பவரின் புள்ளிகளோடு ஒப்பிட்டு மதிப்பெண். ஒருவர் மட்டும், முழு உடம்பும் தெரிய, வெளிச்சத்தில், பிரிந்து தெரியும் உடையில் நின்றால் நன்றாகவே வேலை செய்யும். பாவாடை முழங்காலை மறைத்தால் அது குத்துமதிப்பாகத்தான் சொல்லும். முன்வரிசைப் பிள்ளை பின்வரிசைப் பிள்ளையை மறைத்தால் இவன் கையை அவன் தோளில் ஒட்டவைத்த காட்சிகளும் உண்டு. ஒயிலாட்டத்தில் கையில் இருக்கும் துணி அந்த 33இல் எதுவும் இல்லை. துணி எங்கே வீசப்பட்டது, எப்போது வீசப்பட்டது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இன்னொரு பழைய வேடிக்கை. 2009இல் நின்டெண்டோவின் வீ என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்த ஜஸ்ட் டான்ஸ் விளையாட்டு, கையில் பிடித்திருக்கும் ரிமோட்டின் அசைவை மட்டும்தான் பார்த்தது. சோபாவில் உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டினாலும் மதிப்பெண் விழும் என்று பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். எதை அளக்கிறோமோ அதைத்தான் ஆடுவார்கள், டீச்சர். முழங்கால் கோணத்துக்கு மார்க் என்றால் முழங்கால் கோணம் ஆடும்.

எனக்குப் பிடித்த கருவி வேறு: தாமதக் கேமரா. போன் அல்லது டேப்லெட்டை ஸ்டாண்டில் வைத்து, இப்போது நடப்பதைப் பத்து இருபது நொடி கழித்துக் காட்டும்படி வைக்கும் செயலிகள் இருக்கின்றன. நாலு பிள்ளைகள் அதன் முன்னால் ஒரு சுற்று ஆடிவிட்டு, நடந்து வந்து திரைக்கு முன் நின்றால் தாங்கள் ஆடியதைத் தாங்களே பார்க்கலாம். யாரும் எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். அந்த இடைவெளிதான் முக்கியம். ஆடி முடித்து, ‘நான் சரியாகத்தான் ஆடினேன்’ என்று மனசுக்குள் ஒரு முடிவுக்கு வந்தபிறகு படம் வருகிறது. பதிவு சேமிக்கப்படாத மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பு என்றதும் ஒன்று. பிள்ளைகளின் ஆட்டத்தைச் சொந்தப் போனில் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி தடுமாறி விழும் காட்சி யார் யார் போனிலோ இருப்பது நமக்கே சரியாகப் படாது.

---

மைதானத்து டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சிவப்பு டேப் நேற்றே சுற்றிவிட்டேன். விரல்கள் பிழைத்தன.

தவில்காது சார், நீங்கள் ஆசானிடம் கற்றவர். எங்களுக்கு ஆசான் கிடைப்பது ஒருநாள் இரண்டு நாள்தான். மாணவர்களின் தாத்தா ஒருவர் ஒயில் வாத்தியாராக இருந்தவர், வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் வரும் நாளில் எதைப் பதிவுசெய்வது, எப்படி? அப்புறம் ஆண்டுவிழாவுக்குப் பின்னல் கோலாட்டம் போடலாம் என்று ஒரு ஆசை. அதற்குத் திரை உதவுமா?

---

தவில்காது

ஆசான் வருகிறாரா! அதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா?

முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள்: எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், இணையத்தில் ஏற்றலாமா கூடாதா. பாட்டும் அடவும் அவர் சேர்த்துவைத்த சொத்து. காணொளியில் அவர் பெயர் இருக்கவேண்டும், அவருக்கு மரியாதையாக ஒரு தொகையும் கொடுக்கவேண்டும். ‘பள்ளிக்கூடம்தானே’ என்று சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டு போன் வையுங்கள். ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால், முழு உடம்பும் தெரிய, ஸ்டாண்டில் அசையாமல். இன்னொன்று பக்கவாட்டில், இடுப்புக்குக் கீழே மட்டும். ஜூம் பண்ணுவது, ஆளைத் துரத்திக்கொண்டு போவது எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு அடவையும் தனித்தனியாக ஆடச் சொல்லி, பிறகு எல்லாவற்றையும் கோத்து ஒருமுறை. நிழலில் எடுக்காதீர்கள், வெயில் சாய்ந்த நேரத்தில் வெளியே எடுங்கள். வெளிச்சம் குறைந்தால் வேகமான கால் படத்தில் கலங்கித் தெரியும். இப்போதைய போன்களில் நொடிக்கு 120 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருக்கிறது. துள்ளலின்போது எந்தக் கால் முதலில் தரை தொடுகிறது என்பதைச் சாதாரணப் பதிவில் பார்க்க முடியாது, அதில் பட்டென்று தெரியும். அந்த ஒரு அடவுக்கு மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைத் தனியாக ஒரு போனில் பதியுங்கள். அவர் பாடுவதை மட்டுமல்ல, பிள்ளைகளைத் திட்டுவதையும் சேர்த்து. விளையாட்டில்லை, டீச்சர். எங்கள் ஆசான் ‘அடேய், தரையை மிதிக்காதே, தொடு’ என்பார். ஒயிலாட்டத்தின் காலை அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. படத்தில் கால் தெரியும். எவ்வளவு பாரம் வைத்து மிதிக்கிறார் என்பது தெரியாது.

இன்னொரு விஷயம் பதிவில் வரவே வராது. கொட்டுக்காரர் ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் வேகத்தை ஏற்றுவார். ஒருவன் தடுமாறினால் அதே அடியில் இன்னும் இரண்டு சுற்று நிறுத்திவைப்பார். எல்லாரும் சேர்ந்தபிறகு ஏற்றுவார். பதிவுசெய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. அதனால் பாட்டைப் பதிந்தாலும், கடைசிக்கட்டப் பயிற்சிக்கு ஒரு ஆளாவது கையால் அடிக்கட்டும். பறையோ தவிலோ கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி போதும். தாளம் பிடிபட்ட ஒரு பிள்ளையைப் பார்த்து உட்காரவையுங்கள். கால் அடிபட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

ஒயிலாட்டம் ஆண்கள் ஆட்டம், பெண் பிள்ளைகள் ஆடலாமா என்று யாராவது கேட்டால், வள்ளி ஒயில் கும்மியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த கோவைப் பக்கத்து எம். பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுங்கள். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். அவரே சொல்லிக்கொடுத்திருக்கும்போது நமக்கு என்ன?

பின்னல் கோலாட்டத்துக்குத் திரை உண்மையிலேயே உதவும். உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் உள்ளே வெளியே என்று மாறி மாறிப் போகப் போகப் பின்னல் விழும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடி அவிழ்க்கவேண்டும். ஒரு ஆள் ஒரு இடத்தில் தப்பாக நுழைந்தால் மொத்தமும் சிக்கிவிடும், யார் தப்பு என்பது கீழே நிற்கும் யாருக்கும் தெரியாது. சண்டைதான் நடக்கும். மாடி வராந்தாவிலிருந்து போனைக் கீழே பார்த்து வைத்து எடுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையும் போகும் வழி கோடு மாதிரி தெரியும். சிக்கிய இடத்தில் நிறுத்தி, படம் படமாகப் பின்னால் போனால் ஆளைப் பிடித்துவிடலாம். தொப்பி நிறம் இரண்டு வைத்தால் இன்னும் சுலபம், வலம் போகிறவர்களுக்கு ஒன்று, இடம் போகிறவர்களுக்கு ஒன்று.

அவிழ்ப்பதற்கு அதே காணொளியைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டலாம் என்று தோன்றும். பாதை சரியாகவே தெரியும். ஆனால் அதில் எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டு பின்னால் நடப்பார்கள், நாம் ஆடும்போது திரும்பி முகம் காட்டித்தான் வருவோம். இதைச் சொல்லாமல் காட்டினால் பிள்ளைகள் அப்படியே பின்னால் நடந்து வந்து முட்டிக்கொள்வார்கள். ‘வழியை மட்டும் பார், உடம்பைப் பார்க்காதே’ என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

மார்க்குக்கு: செயலி வேண்டாம். நாலு நாலு பேராக ஆடச் சொல்லி, மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். திரை இல்லாமல் முழுச்சுற்று போகிறதா? கொட்டு வேகம் மாறினால் கூடவே மாறுகிறதா? பக்கத்துப் பிள்ளை தடுமாறினால் இவர்கள் வரிசையைக் கலையவிடாமல் சமாளிக்கிறார்களா? தலைமையாசிரியர் ஆதாரம் கேட்டால் முதல் வாரத்தில் ஒரு நிமிடம், கடைசி வாரத்தில் ஒரு நிமிடம், பெற்றோர் ஒப்புதலோடு எடுத்த இரண்டு காணொளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுங்கள். கினோவியா என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒரே திரையில் சேர்த்து ஓட்டலாம்.

---

விசில் போதும்

அந்த ஸ்டாப்வாட்ச் வேலையைச் செய்து பார்த்தேன். என் த்ரோபால் வகுப்பின் கணக்கை இங்கே போட எனக்கு விருப்பமில்லை. தவில்காது அண்ணே, அந்த நடையடி மட்டும் எப்படி என்று ஒரு காணொளி அனுப்புங்கள். பின்னாலிருந்து எடுத்தது.

---

மைதானத்து டீச்சர்

தாத்தா அடுத்த வாரம் வருகிறார். இரண்டு போன், ஒரு வயர், ஒரு வாளி தயார். வாளிக்கு மட்டும் மூன்று பேர் போட்டி போடுகிறார்கள்.